பழைய டீசல் ஜீப்பும் எங்கள் ஐயமும்

எங்கள் அத்தா விட்டுச் சென்ற பொருள்களில் நாள் தவறாமல் எங்களுக்குப் பயன்படுவது ஒரு டீசல் ஜீப். 1994ஆம் ஆண்டு வாங்கியது. எங்கள் வீடு கம்பத்தில் இருக்கிறது. தோட்டமோ எல்லைக்கு அப்பால், இடுக்கி மாவட்டத்து ஏலமலையில். அண்ணன் தம்பியராகிய நாங்கள் இருவரும் சேர்ந்து அந்தச் சிறு தோட்டத்தைப் பார்த்து வருகிறோம். பஜ்ர் தொழுகை முடிந்து நாங்கள் பள்ளிவாசலிலிருந்து திரும்பும் நேரத்தில், தோட்ட வேலைக்குச் செல்லும் பெண்கள் தூக்குவாளிகளோடு தெருமுனையில் காத்து நிற்பார்கள். அவர்களை ஏற்றிக்கொண்டு கம்பம்மெட்டுச் சாலையின் வளைவுகளில் ஏறி, தோட்டத்தில் இறக்கிவிட்டு, மாலையில் பத்திரமாகத் திரும்ப அழைத்து வருவதே அந்த வண்டியின் வேலை.

அந்த ஜீப்புக்கு வந்த பழுதையும், அதன் காரணத்தைத் தேடும்போது நாங்கள் ஒரு மனிதருக்குச் செய்த அநீதியையும் இங்கே எழுதுகிறோம். பழைய டீசல் வண்டி வைத்திருக்கும் சகோதரர்களுக்குப் பழுது பற்றிய செய்திகள் உதவக்கூடும். அநீதி பற்றிய செய்தி, வண்டியே இல்லாதவர்களுக்கும் உதவக்கூடும் என்று நம்புகிறோம்.

கடந்த மழைக்காலத்தில்தான் தொல்லை தொடங்கியது. சமதளச் சாலையில் ஜீப் நன்றாகவே ஓடும். மலை ஏறத் தொடங்கிச் சிறிது நேரத்தில் இழுவை குறையும். ஆக்ஸிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் வேகம் ஏறாது. பிறகு இரண்டு மூன்று முறை குலுங்கி எஞ்சின் நின்றுவிடும். ஓட்டுநர் அண்ணன் வண்டியை ஓரங்கட்டி, பின்சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டுக் காத்திருப்பார். சிறிது நேரம் கழித்துச் சாவியைத் திருப்பினால் எதுவுமே நடவாததுபோல் கிளம்பும்.

அத்தாவின் காலத்திலிருந்து பத்தொன்பது ஆண்டுகள் அந்த வண்டியை ஓட்டியவர் அவர். "பத்து நிமிஷம் நின்னா தானாக் கிளம்பிடுது தம்பி. என்னன்னு தெரியல, பட்டறையில காட்டணும்" என்று எங்களிடம் பலமுறை சொன்னார். அந்தச் சொற்களுக்குள்ளேயே பழுதின் முழு அடையாளமும் இருந்தது. நாங்கள் அதைக் கேட்கவில்லை. பத்து நிமிடம் நின்றால் சரியாகும் பழுது எங்கேனும் உண்டா, ஓய்வெடுக்க ஒரு காரணம் தேடுகிறார் என்று எங்களுக்குள் பேசிக்கொண்டோம்.

அப்படிப் பேசியதற்கு முன்கதை ஒன்று உண்டு. அத்தா மவுத்தான பிறகு வரவு செலவுக் கணக்கு எங்கள் கைக்கு வந்தது. ஜீப் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது என்று எழுதி வைக்கத் தொடங்கினோம். அத்தாவின் பழைய குறிப்பேட்டில் இருந்த கணக்குக்கும் எங்கள் கணக்குக்கும் இடையே இடைவெளி இருந்தது. நாளொன்றுக்கு அரை லிட்டருக்கும் மேலாக டீசல் கணக்கில் வராமல் போயிற்று. எங்கே போகிறது என்று நாங்கள் அவரிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மாறாக, மாலைதோறும் டேங்கை நிரப்பி வைக்கும் பழைய வழக்கத்தை நிறுத்தினோம். அன்றன்றைக்குத் தேவையான ஆறு லிட்டருக்கு மட்டும் காலையில் பணம் கொடுத்தோம். பில்லைக் கேட்டு வாங்கினோம். இரவில் டேங்கில் இருப்பது குறைவாக இருந்தால், போவதும் குறைவாகத்தானே இருக்கும் என்பது எங்கள் கணக்கு. அவர் ஒன்றும் சொல்லாமல் பணத்தை வாங்கிக்கொண்டார்.

வண்டி நிற்கத் தொடங்கியதும் முதலில் டீசல் வடிகட்டியை மாற்றினோம். இரண்டு வாரம் ஓடியது. மீண்டும் நின்றது. சாலையோரத்து மெக்கானிக் ஒருவர், டீசல் குழாயைக் கழற்றி டேங்கை நோக்கிக் காற்றடித்துவிட்டு, இனிமேல் நிற்காது என்றார். பத்து நாள் நிற்கவில்லை. மூன்றாவது வடிகட்டியை மாற்றியபோது அருகில் நின்ற ஒருவர், இவ்வளவு சீக்கிரம் அடைத்துக்கொள்கிறது என்றால் டீசலில் மண்ணெண்ணெய் கலந்திருக்க வேண்டும் என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். எங்கள் மனம் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டது. நான்கு லிட்டர் டீசலும் இரண்டு லிட்டர் மண்ணெண்ணெயும் ஊற்றினால் மீதிப் பணம் யாருக்கு என்று ஒரு கதையை நாங்களே கட்டி முடித்தோம். பில் கையில் இருந்தும் அந்தக் கதையை நாங்கள் கைவிடவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, கொண்டையூசி வளைவின் நடுவில் ஜீப் நின்றது. வண்டியில் பதினொரு பெண்கள். பின்னால் சரக்கு லாரி ஏறி வந்துகொண்டிருந்தது. எஞ்சின் நின்றுவிட்டால், பிரேக்குக்குத் துணைசெய்யும் வெற்றிட விசையும் ஓரிரு முறை மிதிப்பதற்குள் தீர்ந்துவிடும். அதன்பின் பெடல் கல்லாக இறுகிவிடும். அண்ணன் தம் உடல்பலம் முழுவதையும் பிரேக்கில் ஊன்றி, கைப்பிரேக்கையும் இழுத்து, கியரில் போட்டு வண்டியை நிறுத்தினார். பெண்கள் குதித்து இறங்கிச் சக்கரத்துக்குக் கல் வைத்தார்கள். அல்லாஹ்வின் கிருபையால் ஒருவருக்கும் சிறு காயமும் இல்லை.

அவருக்கு நாங்கள் நன்றி சொல்லியிருக்க வேண்டிய நாள் அது. அன்று மாலை வாசலில் வைத்து, "டீசலில் என்ன கலக்கிறீர்கள்?" என்று கேட்டோம். அவர் எங்களை ஏறிட்டுப் பார்த்தார். பதில் சொல்லவில்லை. சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்துத் திண்ணையில் வைத்துவிட்டு நடந்து போனார். உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்த அம்மா அன்று எங்களோடு பேசவில்லை. நாங்களோ கண்டிப்பாக நடந்துகொண்டோம் என்று நிம்மதியடைந்தோம்.

அந்த நிம்மதி நான்கு நாள் நீடித்தது. ஐந்தாம் நாள் நாங்களே டீசல் நிரப்பி, நாங்களே ஓட்டிச் சென்றபோது, அதே ஏற்றத்தில் ஜீப் நின்றது. இறங்கி நின்றோம். சரியாகப் பத்து நிமிடம் கழித்துச் சாவியைத் திருப்பினோம். கிளம்பியது. அப்போது எங்கள் இருவருக்கும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கத் துணிவில்லை.

மறுநாள் டீசல் பம்ப் வேலை பார்க்கும் மூத்த மெக்கானிக் ஒருவரிடம் வண்டியைக் கொண்டுபோனோம். அவர் பானட்டைத் திறப்பதற்கு முன் கேள்விகளைத் திறந்தார். எங்கே நிற்கிறது, எவ்வளவு நேரம் ஓடியபின் நிற்கிறது, நிற்கும்போது என்ன புகை வருகிறது, எத்தனை நிமிடத்தில் திரும்பக் கிளம்புகிறது? புகை எதுவும் இல்லை என்றோம். "கரும்புகை தள்ளிக்கிட்டு இழுவை குறைஞ்சா காத்து பில்டரைப் பார்க்கணும், நாசிலைப் பார்க்கணும். புகையே இல்லாம சாகுதுன்னா எஞ்சினுக்கு டீசல் போய்ச் சேரல பாய்" என்றார்.

பிறகு அவர் சொன்ன விளக்கத்தை எங்கள் மொழியில் சுருக்கித் தருகிறோம். பழைய டீசல் வண்டியில் எரிபொருள் செல்லும் பாதை நேரானது. டேங்கின் அடிப்பகுதியில் உறிஞ்சுகுழாய் ஒன்றும், அதன் முனையில் சல்லடையும் இருக்கும். அங்கிருந்து குழாய் வழியாக எஞ்சின் பக்கத்திலுள்ள ஃபீட் பம்ப் டீசலை உறிஞ்சுகிறது. ஃபீட் பம்ப் அதை வடிகட்டிக்குத் தள்ளுகிறது. வடிகட்டியிலிருந்து டீசல் பம்ப்புக்குப் போகிறது. அது டீசலை அளந்து, நூறு வளிமண்டல அழுத்தத்துக்கும் மேலான விசையோடு நாசிலுக்கு அனுப்புகிறது. மிஞ்சிய டீசல் திரும்புகுழாய் வழியாக டேங்குக்கே வந்து சேரும்.

ரூடால்ஃப் டீசலின் எஞ்சின் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் 1897இல் வெற்றிகரமாக ஓடிக்காட்டிய காலத்தில், எரிபொருளைச் சிலிண்டருக்குள் செலுத்த அழுத்தக் காற்று தேவைப்பட்டது. அதற்கெனப் பெரிய காற்றழுத்தி இருந்தது. ராபர்ட் போஷ் நிறுவனம் 1927இல் டீசல் பம்ப்பைத் தொடர் உற்பத்திக்குக் கொண்டுவந்த பிறகே, லாரி போன்ற வண்டிகளுக்கு டீசல் எஞ்சின் எளிதில் பொருந்தியது. அந்தப் பம்ப்பினுள் இருக்கும் பிளஞ்சருக்கும் அதன் உறைக்கும் இடையே சில மைக்ரான் இடைவெளிதான் உண்டு. தலைமயிரின் தடிமனில் அது மிகச் சிறிய பங்கு. அந்த இடைவெளிக்கு எண்ணெயிடுவதும் டீசலே. ஆகவே ஒரு தூசித்துகளோ ஒரு துளி நீரோ அங்கே நுழைவது பெரும் கேடு. வடிகட்டி இருப்பது அந்தப் பம்ப்பைக் காக்கத்தான்.

மெக்கானிக் எங்கள் பழைய வடிகட்டியைக் கேட்டார். நல்லவேளையாக அது ஜீப்பின் பின்புறத்தில் கிடந்தது. அதை வெட்டி மடிப்புக் காகிதத்தை விரித்துக் காட்டினார். செந்நிறப் பொடியும் கறுத்த வழுவழுப்பும் படிந்திருந்தன. "பில்டர் அடைக்கிறது நோய் இல்ல பாய். அது காய்ச்சல் மாதிரி. உள்ள வேற எங்கயோ நோய் இருக்குன்னு சொல்லுது. நீங்க காய்ச்சல் மாத்திரையை மட்டும் மூணு தரம் மாத்தியிருக்கீங்க" என்றார்.

மண்ணெண்ணெய் பற்றி நாங்கள் தயங்கித் தயங்கிக் கேட்டோம். மண்ணெண்ணெய் டீசலைவிட மெல்லியது, அது வடிகட்டியை அடைக்காது என்றார் அவர். அதைக் கலந்தால் பம்ப்புக்கு வேண்டிய எண்ணெய்ப்பசை குறைந்து உள்ளே தேய்மானம் உண்டாகும். இப்படிச் செந்நிறப் பொடி வராது. ஐயம் இருந்தால் பெட்ரோல் பங்க்கிலேயே அடர்த்திமானியை வைத்து அளந்து காட்டச் சொல்லலாம், அது வாடிக்கையாளரின் உரிமை என்றும் சொன்னார். ஒரு மனிதரின் பத்தொன்பது ஆண்டு உழைப்பைப் பறித்த குற்றச்சாட்டு, இரண்டு நிமிட விளக்கத்தில் பொடிப்பொடியாயிற்று.

அதன்பின் அவர் வரிசையாகச் சோதித்தார். வாசகர்களுக்குப் பயன்படும் என்பதால் அந்த வரிசையை அப்படியே எழுதுகிறோம். முதலில் டேங்க் மூடியைத் திறந்தார். மூடியிலுள்ள காற்றுத் துளை அடைத்திருந்தால், டீசல் குறையக் குறைய உள்ளே வெற்றிடம் உண்டாகி, எஞ்சின் பட்டினியில் நிற்கும். மூடியைத் திறந்ததும் உஸ்ஸென்று காற்று உள்ளே போகும் ஒலி கேட்கும். எங்கள் வண்டியில் அந்த ஒலி இல்லை. ஆனால் மூடியின் ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருப்பதை அவர் விரலால் தடவிக் காட்டினார்.

அடுத்து ஃபீட் பம்ப்பின் மேலுள்ள கைப்பம்ப்பை அடித்துப் பார்த்தார். அழுத்தும்போது கெட்டியாக இருந்தால் முன்னால், வடிகட்டிப் பக்கம் அடைப்பு. மேலே இழுக்கும்போது வர மறுத்தால் பின்னால், டேங்க் பக்கம் அடைப்பு. கெட்டித்தன்மையே இல்லாமல் லேசாக ஆடினால் எங்கோ காற்று நுழைகிறது. எங்கள் வண்டியில் மேலே இழுக்கும்போது கை கனத்தது.

மூன்றாவதாக, டேங்கிலிருந்து வரும் குழாயைக் கழற்றிவிட்டு, சுத்தமான டீசல் நிறைந்த ஒரு கேனிலிருந்து நேராக ஃபீட் பம்ப்புக்கு வேறொரு குழாயைப் பொருத்தினார். கேன் அசையாதபடி உறுதியாகக் கட்டிவைத்து, சூடாகும் பாகங்களுக்கு எட்டாத தொலைவில் குழாயைக் கொண்டுசென்று, மலைச்சாலையில் ஓட்டிப் பார்க்கச் சொன்னார். ஜீப் ஒரு முறைகூடத் திணறாமல் ஏறியது. பழுது எஞ்சினிலும் இல்லை, பம்ப்பிலும் இல்லை, டேங்கில்தான் என்பது உறுதியாயிற்று.

டேங்கைக் கழற்றி இறக்கினோம். அடியில் கிடந்ததைப் பிளாஸ்டிக் பாட்டிலில் பிடித்து ஓரிரவு அசையாமல் வைத்தோம். காலையில் பார்த்தபோது மேலே டீசல், கீழே நான்கு விரற்கடை அளவுக்குத் தண்ணீர், இரண்டுக்கும் நடுவே கறுத்த பாசி போன்ற படலம், அடியில் துருப்பொடி. தண்ணீர் டீசலைவிடக் கனமானது. ஆகவே அடியில் தங்கி இரும்பைத் துருவாக்குகிறது. நீரும் டீசலும் சந்திக்கும் கோட்டில் நுண்ணுயிர்களும் பூஞ்சைகளும் பெருகி அந்த வழுவழுப்பை உண்டாக்குகின்றன.

பத்து நிமிடத்தின் மர்மமும் அங்கேயே விளங்கியது. மலை ஏறும்போது எஞ்சின் மிகுதியாக டீசல் கேட்கிறது; உறிஞ்சுகுழாய் பலமாக இழுக்கிறது. துருச்செதில்களும் படலமும் இழுபட்டுவந்து சல்லடையில் ஒட்டிக்கொள்கின்றன. டீசல் வராமல் எஞ்சின் நிற்கிறது. நின்றதும் உறிஞ்சும் விசை இல்லை. ஒட்டியவை மெல்ல நழுவி அடியில் விழுகின்றன. வண்டி மறுபடி கிளம்புகிறது. அண்ணன் சொன்ன ஒவ்வொரு சொல்லும் உண்மை. குழாயில் காற்றடித்தபோது குப்பை வெளியேறவில்லை. டேங்குக்குள் திரும்பிப் போய் உட்கார்ந்திருந்தது.

இத்தனை நீர் எப்படி வந்தது என்று கேட்டோம். இரண்டு வழிகள் இருக்கின்றன என்றார் மெக்கானிக். ஒன்று, வெடித்த ரப்பர் வளையம் வழியே மழைநீர். மற்றொன்றைச் சொல்வதற்கு முன் அவர் எங்களிடம் ஒரு கேள்வி கேட்டார். "ராத்திரி டேங்குல எவ்வளவு டீசல் இருக்கும்?"

மூன்று நான்கு லிட்டர் என்றோம்.

"அதான் பாய். டீசல் இல்லாத இடமெல்லாம் காத்து. மழைக்காலத்துக் காத்துல ஈரம். பகல்ல மலையில நிக்குது, ராத்திரி குளிருது. ஈரம் டேங்கோட சுவர்ல வேர்த்து வடியுது. தினமும் கொஞ்சம் கொஞ்சமா சேருது. டேங்க் நிறைஞ்சிருந்தா காத்துக்கே இடம் இல்லையே. டீசல் கம்மியா இருந்தா அடியில இருக்கிற கசடும் சீக்கிரம் உறிஞ்சுகுழாய்க்கு வரும். பழைய வண்டிக்கு ராத்திரி டேங்க் நிறைஞ்சு இருக்கணும்."

நாங்கள் பேசாமல் நின்றோம். டேங்கைக் காலியாக வைத்தது யார்? அவர் திருடிவிடுவார் என்று எண்ணிய நாங்கள். நாங்கள் கொண்ட ஐயமே அந்த வண்டிக்குள் நீராக இறங்கி, துருவாகி, சல்லடையை அடைத்து, பதினொரு பெண்களோடு ஒரு வளைவில் வண்டியை நிறுத்தியது. அதன் பழியையும் நாங்கள் அவர் மீதே போட்டோம்.

கணக்கில் வராத அரை லிட்டரும் அன்றே கிடைத்தது. நாசில்களிலிருந்து மிஞ்சிய டீசலைத் திருப்பி அனுப்பும் மெல்லிய ரப்பர்க் குழாய் ஓரிடத்தில் விரிசல் விட்டிருந்தது. எஞ்சின் ஓடும்போது மட்டும் அது கசியும். சாலையெங்கும் சொட்டிக்கொண்டே போகும். வண்டி நிற்குமிடத்தில் தேங்காது. சேஸியின் மீது புழுதியோடு சேர்ந்து கறுத்த களிம்பாகப் படிந்திருந்ததை, குனிந்து பார்த்திருந்தால் நாங்களே கண்டிருக்கலாம். பிறர் மீது ஐயம் கொள்வதற்கு முன் குனிந்து பார்க்கக்கூட நாங்கள் நேரம் செலவிடவில்லை.

டேங்கைச் சுத்தம் செய்ய இரண்டு நாள் ஆயிற்று. உள்ளே சிறிது டீசலும் ஒரு சங்கிலியும் போட்டுக் குலுக்கித் துருவை உதிர்த்து, பலமுறை அலசி, வெயிலில் உலர்த்தினார்கள். ஓரிடத்தில் மெலிந்திருந்த தகட்டுக்கு வெல்டிங் வைக்கலாமா என்று கேட்டதற்கு, உள்ளே ஆவி சிறிதும் இல்லாதபடி முறையாகக் கழுவாமல் எரிபொருள் டேங்கின் அருகே நெருப்பைக் கொண்டுபோகவே கூடாது என்று மெக்கானிக் கடிந்துகொண்டார். மூடிக்குப் புதிய ரப்பர் வளையம், புதிய சல்லடை, புதிய வடிகட்டி, புதிய திரும்புகுழாய் ஆகியவற்றைப் பொருத்தினார்.

அதன்பிறகும் ஒரு குறை மிஞ்சியது. இரவு நிறுத்திய வண்டி காலையில் கிளம்ப மறுத்தது. கைப்பம்ப்பை இருபது முறை அடித்தால் கிளம்பும். டேங்க் முதல் ஃபீட் பம்ப் வரையுள்ள பகுதி உறிஞ்சும் பகுதி. அங்கே சிறு விரிசல் இருந்தால் டீசல் வெளியே கசியாது, காற்றுதான் உள்ளே போகும். கண்ணுக்குத் தெரியாத பழுது இது. ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குழாய்த் துண்டு ஒன்றை நடுவில் பொருத்திப் பார்த்தபோது குமிழ்கள் ஓடின. கிளிப்பின் அடியில் பழைய ரப்பர்க் குழாய் மயிரிழையாக வெடித்திருந்தது. வடிகட்டி மாற்றிய மூன்று முறையும் பழைய செம்பு வாஷர்களையே திரும்பப் போட்டிருந்தோம். அவையும் அழுந்திப்போய்ச் சரியாகப் பொருந்தவில்லை.

ரப்பர் பற்றி மேலும் ஒன்றைத் தெரிந்துகொண்டோம். 2020 ஏப்ரல் 1 முதல் நம் நாட்டில் விற்கப்படும் பி.எஸ். 6 டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது. அதற்கு முந்திய பி.எஸ். 4இல் 50 பங்கு வரை இருந்தது. காற்றுக்கு இது நல்லது. ஆனால் கந்தகத்தைப் பிரித்தெடுக்கும்போது டீசலின் வேறு சில கூறுகளும் மாறுகின்றன. பழைய டீசலில் ஊறி உப்பியிருந்த பழைய ரப்பர் வளையங்கள் புதிய டீசலில் சற்றுச் சுருங்கிக் கசிவதுண்டு. முப்பது ஆண்டுப் பழைய வண்டியில் எல்லா ரப்பர்க் குழாய்களையும் வளையங்களையும் ஒருமுறை மாற்றிவிடுவது வீண்செலவு அன்று.

குழாய்களை மாற்றியபின் உள்ளே தங்கிய காற்றை வெளியேற்ற வேண்டும். பட்டறைகளில் இதை ஏர் எடுப்பது என்பார்கள். வடிகட்டியின் தலையிலுள்ள திருகைத் தளர்த்தி, குமிழ் நின்று டீசல் மட்டும் வரும்வரை கைப்பம்ப்பை அடிக்க வேண்டும். திருகை முடுக்கிவிட்டு, டீசல் பம்ப்பின் திருகிலும் அவ்வாறே செய்ய வேண்டும். பிறகும் கிளம்பவில்லையெனில் நாசில் குழாய்களின் நட்டுகளைச் சற்றே தளர்த்திச் செல்ஃப் அடிக்க வேண்டும். அந்நேரம் நாசில் அருகே வெறுங்கையைக் கொண்டுபோகக் கூடாது. அங்கே பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சிறு புள்ளியாகத்தான் தெரியும், ஆனால் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டிய காயம் அது. புதிய வடிகட்டியில் டீசலை ஊற்றி நிரப்பிப் பொருத்துவதாக இருந்தால், வடிகட்டாத டீசலை அதன் வெளிச்செல்லும் துளையில் ஊற்றிவிடக் கூடாது என்றும் எச்சரித்தார்.

வண்டி சரியாயிற்று. சரியாகாதது ஒன்று இருந்தது.

ஆதாரமற்ற ஐயம் பாவத்துக்குக் கொண்டுசெல்லும் என்று சிறுவயதிலிருந்து எத்தனையோ ஜும்ஆ பயான்களில் கேட்டிருக்கிறோம். அல்லாஹ்வுக்கும் நமக்கும் இடையிலான தவறுக்கு அவனிடம் மன்னிப்புக் கேட்கலாம். ஒரு மனிதருக்கு இழைத்த தவறுக்கு அந்த மனிதரிடமே போய் நிற்க வேண்டும் என்பதும் நமக்குத் தெரியும். தெரிந்திருந்தும், அவர் வீடு நான்கு தெரு தள்ளியிருந்தும், போவதற்கு எங்களுக்கு ஒரு வாரம் ஆயிற்று. கடைசியில் அம்மாதான், "வண்டியைச் சரிபண்ணக் காட்டின அவசரத்துல பாதி இதுக்குக் காட்டக்கூடாதா?" என்று கேட்டார்கள்.

இஷா தொழுதுவிட்டு இருவரும் போனோம். அவர் கட்டிலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். உட்காராமல் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னோம். தண்ணீர், துரு, விரிசல் விட்ட குழாய், எங்கள் கணக்கு. தவறு முழுவதும் எங்களுடையது, மன்னித்துவிடுங்கள் அண்ணே என்றோம்.

அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "உங்க அத்தா ஒரு நாளும் டேங்கைக் காலியா நிறுத்த விட்டதில்ல தம்பி. வர்ற வழியிலயே ரொப்பிட்டு வரச்சொல்லுவார்" என்றார்.

அது தெரிந்திருந்தும் எங்களிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டோம்.

"எப்படிச் சொல்றது? டேங்கை ரொப்பி வைங்கன்னு நான் சொன்னா, எதுக்குச் சொல்றேன்னு நீங்க நினைப்பீங்க?"

எங்களிடம் பதில் இல்லை. பழுதை அறிந்த ஒரே மனிதரின் வாயை நாங்களே அடைத்திருந்தோம். அந்த அடைப்பை எந்தப் பட்டறையிலும் காற்றடித்து எடுக்க முடியாது.

அவர் எங்களை மன்னித்தார். வேலைக்குத் திரும்பவில்லை. ஒரு பள்ளிக்கூட வேனை ஓட்ட ஒப்புக்கொண்டுவிட்டேன், பிள்ளைகளை நடுவில் விட்டுவிட்டு வரக்கூடாது என்றார். எங்களுக்கு அது சரியென்றே பட்டது. பாக்கியிருந்த சம்பளத்தோடு, சொல்லாமல் வேலையை விட்டு அனுப்பிய மாதத்துச் சம்பளத்தையும் கொடுத்தோம். முதலாவதை மட்டும் எடுத்துக்கொண்டார். இரண்டாவதை அவர் மனைவியின் கையில் கொடுத்துவிட்டு வந்தோம்.

இப்போது ஜீப்பை எங்களில் ஒருவர் ஓட்டுகிறோம். மாலையில் மலையிலிருந்து இறங்கியதும் முதலில் பங்க்குக்குப் போய் டேங்கை நிரப்புகிறோம். வெள்ளிக்கிழமை காலைகளில், ஜும்ஆவுக்குக் குளிப்பதற்கு முன், வடிகட்டியின் அடித்திருகைத் தளர்த்திக் கண்ணாடிக் குவளையில் சிறிது பிடித்து, நீர் இருக்கிறதா என்று பார்க்கிறோம். வடிகட்டி மாற்றிய தேதியையும் கிலோமீட்டரையும் அத்தாவின் பழைய குறிப்பேட்டிலேயே தொடர்ந்து எழுதுகிறோம்.

சென்ற மாதம் அண்ணன் எங்கள் தெரு வழியாக வேனில் போகும்போது நிறுத்தினார். ஜீப்பைக் கிளப்பச் சொல்லிச் சற்று நேரம் ஓசையைக் கேட்டார். "பின்னாடி இடதுபக்க ஷேக்கிள் புஷ் தேஞ்சிருக்கு, பாருங்க" என்றார். அன்றே பட்டறைக்குக் கொண்டுபோனோம். தேய்ந்துதான் இருந்தது.